உப்பிலியபுரத்திலிருந்து ஒரு போன்

யமுனாவுக்கு அது ஐந்தாம் மாதம். வாந்தியெல்லாம் நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடும் கட்டத்துக்கு வந்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் வீடு, மன்னார்புரத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பஸ்ஸில் வரும்போது ஒரு கொய்யா, போகும்போது ஒரு கொய்யா.

அந்தப் புதன்கிழமை செல்லக்கண்ணு வந்தார். உப்பிலியபுரத்தில் மரவள்ளி போட்டிருக்கிற விவசாயி, ஐம்பது வயது இருக்கும். உடம்பு வலி, லேசான காய்ச்சல், நெஞ்சில் ஏதோ பிடிப்பு. டாக்டர் அறிவுமதி ஈசிஜி எடுக்கச் சொன்னார். யமுனா அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள், பிறகு குளுக்கோஸ் ஏற்றிவிட்டு இறங்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

“எத்தனாவது மாசம்மா?” என்று கேட்டார்.

“அஞ்சுங்க.”

“எம்மவ அஞ்சாம் மாசத்துல மாங்காயைக் கண்டா விடமாட்டா.”

“எனக்குப் பரோட்டாங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் குளுக்கோஸ் குழாய் ஆடியது. ஈசிஜியில் குறை ஒன்றும் இல்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. டாக்டரிடம்தான் பேசவேண்டும் என்று பிடிவாதம். அறிவுமதி வாங்கிக் காதில் வைத்தார்.

“டாக்டரம்மா, எனக்கு அம்மா இறங்கியிருக்குங்க. நேத்துலேருந்து நெஞ்சு, முதுகு எல்லாம் முத்து. வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டியாச்சு. அங்க ஒரு பொண்ணு மாசமா இருந்துச்சே, ரொம்ப நேரம் எம்பக்கத்துலயே நின்னுச்சு. எங்க ஊர்ல மாசமா இருக்கிறவங்க அம்மை கண்ட வீட்டுப் பக்கமே வரமாட்டாங்க. மனசு கேக்கல, அதான்.”

“கூப்பிட்டது ரொம்ப நல்லதுங்க. நீங்க மருந்து சாப்பிடுறீங்களா?”

“அம்மைக்கு மருந்தாங்க?”

“உங்க வயசுல கட்டாயம் சாப்பிடணும். சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன். இன்னைக்கே அங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காட்டுங்க.”

“சரிங்க, நான் சாப்பிடுறேன். நீங்க அந்தப் பொண்ணைப் பாத்துக்குங்க.”

அறிவுமதி போனை வைத்துவிட்டு யமுனாவை உட்காரவைத்துச் சொன்னார். கர்ப்பத்தில் அம்மை வந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து; கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது மற்றவர்களுக்குத் தொற்றும். புதன்கிழமை அவர் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

“சின்ன வயசுல உனக்கு அம்மை வந்திருக்கா?”

யமுனா துவாக்குடியில் இருக்கும் அம்மா மாரியாயிக்குப் போன் போட்டாள்.

“வந்துச்சுடி. உனக்கோ அக்காவுக்கோ.”

“எனக்கா, அக்காவுக்காம்மா?”

“ரெண்டு பேரையும் ஒரே பாயிலதான் படுக்கவெச்சேன். ஒருத்திக்கு வந்து ஒருத்திக்கு வராம இருக்குமா?”

இருந்திருக்கிறது. மறுநாள் வந்த ரத்தப் பரிசோதனையில் யமுனாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தது. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள், கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை உதைத்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

“ஒரு ஊசி இருக்கு. பத்து நாளைக்குள்ள போட்டுட்டா பயமில்ல,” என்றார் அறிவுமதி. “இன்னும் ஏழு நாள் இருக்கு நமக்கு. அவர் மட்டும் கூப்பிடாம இருந்திருந்தா, ஒரு நாள்கூட இருந்திருக்காது.”

திருச்சியில் எங்கும் அந்த ஊசி கிடைக்கவில்லை. அறிவுமதி தெரிந்தவர்களையெல்லாம் விரட்டி, சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைத்தார். திங்கட்கிழமை மதியம் தன் கையாலேயே போட்டார். கெட்டியான மருந்து, இரண்டு நாள் யமுனாவால் நேராக உட்கார முடியவில்லை.

நான்கு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கழுத்து, வயிறு, முதுகு என்று ஒவ்வோர் இடமாகத் தேடினாள். ஒருநாள் தோளில் சிவப்பாக ஒரு புள்ளி. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். ‘கொசு’ என்று பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. இருபத்தொன்பதாம் நாள் கொய்யாவுடன் பஸ் ஏறினாள். காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் மாஸ்க், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று ஆஸ்பத்திரியில் புது ஏற்பாடு வந்திருந்தது.

பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள், யமுனாவே செல்லக்கண்ணுவுக்குப் போன் பண்ணினாள்.

“எத்தனை கிலோம்மா?” என்றார் அவர் முதலில்.

“மூணு கிலோ நூறுங்க.”

“நல்ல எடை,” என்றார். பிறகு யாரிடமோ திரும்பி, “திருச்சிப் பொண்ணுதான். ரெண்டும் நல்லா இருக்காம்,” என்று சொல்வது கேட்டது.