ஆளைத் தெரியாத தெரு

கடற்சுடர் சங்கத் தலைவர் மரியநாயகம் மைக்கைத் தட்டிப் பார்த்தார். மண்டபத்தில் இருந்த சனத்துக்கு வாயே போதும். ஆனால் விசாரணை என்றால் மைக் வேண்டும், மேசைக்கு விரிப்பு வேண்டும், இரண்டு பக்கமும் முகத்தை இறுக்கிக்கொண்டு அங்கத்தவர்கள் இருக்க வேண்டும் என்பது, அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற அவருடைய கொள்கை. சுவேதினியின் கலியாணப் பேச்சு யாரால் குழம்பியது என்பதைச் சங்கம் இன்று கண்டறியும் என்று அறிவித்தார்.

முன்வரிசைப் பிளாஸ்டிக் கதிரையில் றோஸ்மேரி இருந்தாள். கையில் கருவாட்டு மணம் போகவில்லை. அவளுக்கு இதெல்லாம் பழகிப்போன அலுப்பு. புருசன் அருளப்புவை வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவளை விசாரிக்காத ஆள் இல்லை. ஆமி முகாமில் நிற்க வைத்துக் கேட்டார்கள். காணாமல் போனவர்களுக்கான ஆணைக்குழுக்காரர் இருத்தி வைத்துக் கேட்டார்கள். அழுதால் துடைக்கக் கடதாசிப் பெட்டியும் மேசையில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தேத்தண்ணி தந்து, தலையைச் சரித்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: கடைசியாக என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தார்? சொல்லிச் சொல்லி அந்தச் சேட்டின் நிறமே அவளுக்கு இப்போது சந்தேகம்.

அருளப்புவின் வீடு எது என்று அன்று வந்த இரண்டு பேர் கேட்டபோது, தெரு மரியாதையாக விரல் நீட்டிக் காட்டியது. அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு ஒருவரையும் தெரியாது.

போன கிழமையும் இரண்டு பேர்தான் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வங்காலைப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் அனுப்பியவர்கள். கலியாண விசயம் என்று சொன்னால் அயலட்டைச் சனம் ஒன்றோ அளவுக்கு மிஞ்சிப் புகழும், இல்லாவிட்டால் எரிச்சலில் கெடுக்கும்; அதனால் எதற்கென்று சொல்லாமல் விசாரிப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அவர்களும் சொல்லவில்லை. அருளப்புவைத் தேடி வந்தவர்களைப் போலவே வழித்த முகம், மினுக்கின சப்பாத்து. சுவேதினி என்று ஒரு பிள்ளை இருக்கிறாவோ, வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள், தகப்பன் முந்தி என்ன செய்தவர் என்று கேட்டார்கள். றோஸ்மேரி கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே, அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்றாள். எதிர்வீடும் அதையே சொன்னது. கடைக்காரன் அந்தப் பெயரையே கேள்விப்படவில்லை என்றான். புழுதி அடங்கியதும், ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று தெருவுக்கே பெரிய நிம்மதி. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேதி வந்தது: சொந்தத் தெருவே தெரியாது என்று கைவிரிக்கிற பெண் எங்களுக்கு வேண்டாம்.

"திருமதி றோஸ்மேரி அவர்கள் தாம் வழங்கிய பதிலைச் சபை முன்னிலையில் எடுத்துரைப்பாராக" என்றது மைக்.

அவள் வாய் திறக்குமுன், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியும் சுவேதினியின் தாயுமான அன்ரோனெற் பின்வரிசையில் எழும்பினாள்.

"தலைவர், உங்களிட்டயும் கேட்டவையெல்லோ?"

மரியநாயகம் விரிப்பின் நுனியை இழுத்து நேராக்கினார். "கேட்டவைதான். நான் இந்த ஊர் இல்லை, மீன் வாங்க வந்தனான் எண்டு சொன்னனான்."

மைக் அதை ஒரு சொல் விடாமல் கடற்கரை வரைக்கும் கொண்டுபோனது. மண்டபம் சிரித்தது. அன்ரோனெற் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்து றோஸ்மேரியின் கையைப் பிடித்தாள். பங்குச் சுவாமி போய்க் கதைத்ததில் மாப்பிள்ளையின் மாமி சனிக்கிழமை தானே நேரில் வர ஒத்துக்கொண்டிருக்கிறாவாம். இதுவும் பிழைத்தால் பிறகு இல்லை.

"உன்னட்டத்தான் கேப்பா, றோசு. இருக்கிறதைச் சொன்னாலே காணும்."

"ஓமடி" என்றாள் றோஸ்மேரி. சொல்ல என்ன குறை? அருளப்புவைக் கொண்டுபோன வருடம், றோஸ்மேரி தனியே படுக்கக் கூடாதென்று தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்த பிள்ளை. இப்போது தோட்டவெளிப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். மீன் வெட்டும்போதெல்லாம் றோஸ்மேரி இவற்றை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தனக்குத்தானே சொல்லும்போது நன்றாகத்தான் வந்தது.

சனிக்கிழமை மாமி குடையை மடக்கிக்கொண்டு படலையைத் திறந்தா. நல்ல மனிசியாகத்தான் தெரிந்தா. இருக்கச் சொன்ன பிறகுதான் இருந்தா.

"தங்கச்சி, சுவேதினி எண்ட பிள்ளையைத் தெரியுமோ?"

பழைய பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. றோஸ்மேரி அதை விழுங்கினாள். பக்கத்து வளவின் ஓலைக் கிடுகு வேலி அசைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அன்ரோனெற்றின் விரல்கள் அதைப் பிடித்திருந்தன.

"ஓம். தெரியும்" என்றாள். "நான் தூக்கி வளத்த பிள்ளை."

மாமியின் முகம் இளகியது. "நல்லது" என்று தலையாட்டியபடி கைப்பையின் சிப்பைத் திறந்து, எதையோ எடுக்கக் கையை உள்ளே விட்டா. முகம் துடைக்கிற லேஞ்சியாக இருக்கலாம். போனாக இருக்கலாம். இதுவரை விசாரித்தவர்கள் எல்லாரும் எடுத்த மாதிரி ஒரு கொப்பியாகவும் இருக்கலாம்.

அடுத்துச் சொல்ல வேண்டியது றோஸ்மேரியின் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை பைக்குள் துழாவிக்கொண்டே இருந்தது. வேலியில் விரல்கள் கிடுகை இன்னும் இறுக்கின.