மணல் மேசையில் முன்னூறு பொத்தான்கள்

...அதுவும் ஒரு தோட்டாகூடச் செலவாகாமல், முன்னூறு பேர் நாற்பது பேரிடம் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டுக் கையைத் தூக்கியிருக்கிறார்கள், அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மகானுபாவர் இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து, என் மகள் போட்டுக்கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிறார், அந்தச் சத்தம் இங்கேவரை கேட்கிறது, என்று நினைத்தபடி அவர் ஈரமணலை உள்ளங்கையால் அழுத்தி மேட்டை எழுப்பினார். மணல் நன்றாகப் படிந்தது. மணல் எப்போதுமே சொன்ன பேச்சைக் கேட்கும், மனிதர்கள்தான்... முப்பது வருடம் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் இதே மேசைமேல் உலகத்தின் மகா தோல்விகளையெல்லாம் கட்டிக் காட்டியவர், முதுகுக்குப் பின்னால் 'தோல்வி வாத்தியார்' என்று மாணவர்கள் கூப்பிட்டது அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமைதான். தன்னைவிடச் சிறிய படை வளைத்துக்கொள்ள, ஒரே பிற்பகலில் அழிந்துபோன பேரரசுப் படை. எதிரிக்கு அம்பு தீர்ந்துவிடும் என்று வெயிலில் காத்து நின்ற இன்னொரு புத்திசாலி, எதிரியோ ஒட்டகம் ஒட்டகமாக அம்பு கொண்டுவந்து இறக்கினான். சாப்பிட்டுவிட்டுக் காவல்கூட ஒழுங்காகப் போடாமல் படுத்துத் தூங்கிய மூன்றாவது ஆள், விழித்துப் பார்ப்பதற்குள் கதை முடிந்துவிட்டது. இவர்களிடம் நாலு ஆட்டுக்குட்டியை நம்பிக் கொடுக்க முடியுமா? இந்த வரிசையில் கடைசியாக, மகுடம் வைத்தாற்போல, சொந்த மருமகன். கடவுளுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலிருக்கிறது.

கறுப்புப் பொத்தான் நம்மவர்கள், வெள்ளைப் பொத்தான் எதிரிகள். கறுப்பை ஆற்றோரம் கொட்டிப் பரப்பினார், ஆறு என்பது ஒரு நீலக் கம்பளி நூல். வெள்ளையை மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக அடுக்கினார். சாயங்காலம் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கத்தில் பேச்சு, வண்டியில் மேசையையே தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். காலையில் மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், அப்பா, இவர் கதையையும் அங்க சொன்னீங்கன்னா நாங்க இன்னிக்கே கிளம்பிடுவோம், அப்புறம் நீங்க எத்தனை தடவை கூப்பிட்டாலும் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன். பேரைச் சொல்லமாட்டேம்மா என்றார். பேரு எதுக்குப்பா, ஊருக்கே தெரியும், உங்களுக்குக் கைதட்டு வேணும், அதுக்கு இவர்தான் கிடைச்சாரா? பெட்டி கட்டும் சத்தமும் கேட்டது. கட்டட்டும். ஒரு பெண் தன் கணவனுக்காக வரலாற்றையே மாற்றிச் சொல்லச் சொன்னால் எப்படி? எதிரியின் சிறையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அவன் இவர் கண்ணைப் பார்ப்பதில்லை, எப்படிப் பார்ப்பான்? இவருடைய மனைவியை எடுத்துக்கொண்டால் அது இன்னும் மோசம், தினமும் கண்ணை மூடி உட்கார்ந்து, ஜெயிச்சவங்களுக்குத்தான் எல்லாம் இருக்கே, தோத்தவங்களைப் பாத்துக்கோ சாமி என்று முணுமுணுப்பவள், அவளுக்கு வியூகம் தெரியுமா, அவள் சாமிக்குத்தான் தெரியுமா... முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒரு வெள்ளை குறைகிறது. டப்பாவைக் கவிழ்த்தார், மேசைக்கடியில் பார்த்தார், எதிரிகளில் ஒருவன் தப்பித்துவிட்டான்.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. அவன்தான். உள்ளே வரலாமா கூடாதா என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், கையில் கத்தரிக்கோல். மாமா, அத்தை என் சட்டைக்குப் பொத்தான் தச்சாங்க, உங்க மேசைலேர்ந்து எடுத்துட்டாங்களாம், இப்பத்தான் சொன்னாங்க, நீங்க தேடுவீங்களே... பிச்சுத் தந்துடட்டுமா? கழுத்துக்குக் கீழே அந்த வெள்ளைப் பொத்தான் பளபளத்தது. பிய்ச்சுக் கொடு என்று சொல்ல வாயெடுத்தவர், அவன் பார்வை மேசைக்குப் போனதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பார்க்கட்டுமே. கட்டாயம் பார்க்கட்டும். அவன் நூலைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான், எந்த இடம் என்று புரிந்துவிட்டது, முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ விழுந்ததைத் தேடுகிறவன்போல மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, மோவாயை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டான், கறுப்புப் பொத்தான்களுக்குப் பின்னால். என்ன பண்றே? என்றார் அவர். இங்கேருந்து அவங்க யாரும் தெரியல மாமா. தெரியாதுதான்! மேட்டுமேல ஆள் போட்டிருக்கணும், முதல் வருஷப் பையனுக்குத் தெரியும். போட்டேன் மாமா, ரெண்டு பேரை. திரும்பி வரல.

ரெண்டு பேர். அவர் மேட்டின்மேல் பொத்தான் எதுவும் வைக்கவில்லை. யாரும் சொல்லவில்லையே, செய்தியில் வரவில்லையே, இவனும்தான்... இவனிடம் யார் கேட்டார்கள்? ஆனாலும் விடுவதாயில்லை, இருட்டிலும் கணிக்க வழி இருக்கிறது, சத்தத்தை வைத்து, நெருப்பை வைத்து, அதைக் காட்டிவிடலாம் என்று அவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், முட்டி இரண்டும் பட்டென்று சத்தமிட்டன, அவன் சட்டென்று முழங்கையைத் தாங்கிக்கொண்டான். உதறவேண்டும் என்று தோன்றியது, உதறினால் விழுந்துவிடுவோம் என்பதும் தோன்றியது. கன்னத்தில் ஈரமணலின் குளிர்ச்சி. எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைச்சே? கேள்வி ஏளனமாக வந்திருக்க வேண்டும், ஏனோ வரவில்லை. எண்ணல மாமா. எங்க பசங்களைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன், விடியுற வரைக்கும். அவன் அவரைப் பார்த்துத்தான் சொன்னான்.

இதுக்கு ஒரு பதில் இருக்கிறது, நறுக்கென்று ஒன்று, கல்லூரியில் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறார்... அந்தப் பசங்களெல்லாம் இந்நேரம் எங்கேயோ வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள், ஊதி ஊதி, ரெண்டு பேரைத் தவிர. வாசலில் சங்கத்து வண்டி ஒலியெழுப்பியது. ஏங்க, வந்துட்டாங்க, என்ன சொல்லட்டும், என்று மனைவி குரல் கொடுத்தாள். கூடத்தில் பெட்டியை இழுக்கும் சத்தம் நின்றது, மகளும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவர் கன்னத்தை மணலிலிருந்து எடுக்கவில்லை. கண்ணுக்கு நேரே மேடு எழுந்து நின்றது, வானத்தையே மறைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் நாற்பது பேரா நாலாயிரம் பேரா என்று, தன் கையாலேயே அடுக்கிவைத்தவருக்கு, அங்கிருந்து பார்க்கத் தெரியவில்லை.