மயிரளவு தடிப்பு

உறைந்த எல்க் இறைச்சிப் பொதிகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவி, ஒட்வார் அந்தத் துவக்குக் குழலை வெளியே எடுத்தார். ஒரு முழு இரவு குளிர்ப்பெட்டியில் கிடந்த குழல். பொலித்தீனை உரித்ததும் அதன்மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது. பழைய துவாய் ஒன்றில் அதைக் கிடத்தி, ஞானஸ்நானப் பிள்ளையைக் கைமாற்றுவதுபோல ஸ்ரனிஸ்லாஸிடம் நீட்டினார். நீட்டிய வலது கை நடுங்கியது. போன மாரியில் தொடங்கிய நடுக்கம். அதைப் பார்க்காதவன் மாதிரி ஸ்ரனிஸ்லாஸ் குழலை வாங்கிக்கொண்டான்.

2006 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இடம், ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் ஒட்வாரின் வீட்டு நிலக்கீழ் அறை. குரோருட்டில் லிப்ட்டு உதிரிப்பாகங்கள் திருத்துகிற பட்டறையில் ஸ்ரனிஸ்லாஸுக்கு மேற்பார்வையாளராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர் ஒட்வார். மனைவி செத்த பிறகு அவருக்கு மிஞ்சியது இந்தச் சின்னத் துவக்கும், லில்லெஸ்ட்ரோமுக்கு அங்கால் காட்டோரம் இருக்கிற சுடும் கழகமும்தான். பென்சில் தடிப்புக்கூட இல்லாத ரவை போட்டு, ஐம்பது மீற்றரில் கடதாசியைச் சுடுகிற விளையாட்டுத் துவக்கு அது. மன்னாரில் துவக்கைக் கண்டால் வேலிக்குள்ளால் ஓடிப் பழகியவனுக்கு இதையும் துவக்கு என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒட்வார் பேசுவது நொஸ்க், அந்த நாட்டு மொழி. ஆனால் எட்டு வருடம் பக்கத்தில் நின்று கேட்டதால், அது ஸ்ரனிஸ்லாஸின் காதில் ஊர்த் தமிழாகவே விழும்.

"டொக்டர்மார் எதையும் வடிவாச் சொல்லமாட்டினம், ஸ்ரான். எனக்கு இலக்குக் கடதாசி சொல்லும். புதுக் குழல் போட்டு இந்தக் கோடை முழுக்கச் சுட்டுப் பாப்பன். துளையள் கிட்டக்கிட்ட விழுந்தால் கை இன்னும் என்ரை கைதான். சிதறினால் விட்டிட வேண்டியதுதான்."

பழைய குழல் தேய்ந்துபோயிருந்தது. புதியதை வேறொரு கொம்பனியிடமிருந்து தருவித்திருந்தார். நல்ல குழல்தான். ஆனால் அதன் பின்பக்கத்து முனை, துவக்கின் உடம்பில் இருக்கிற துளைக்குள் போகவேண்டியது, ஒரு மயிரளவு தடிப்பாக இருந்தது. அதனால்தான் இந்தக் குளிர் வைத்தியம். குழல் குளிரில் சுருங்கும், உடம்பைத் தலைமயிர் காயவைக்கிற மெசினால் சூடாக்கினால் துளை விரியும், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இறங்காவிட்டால்? "குழலின்ரை முனையை எமரித் தாளாலை தடவு. கொஞ்சம் தடவு, செருகிப் பார். திரும்பக் கொஞ்சம் தடவு. அவசரப்படாதை" என்று சொல்லிவிட்டு, வாபிள் சுட மேலே ஏறிப்போனார். முழங்கால் நோவோடு ஒவ்வொரு படியாக அவர் ஏறுகிற சத்தம் கேட்டது.

ஒட்வார் ஏன் இவனைத் தேடிப் பிடித்தார் என்றால், அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன், இந்த நாட்டின் வடக்கில் மீன் வெட்டிக் கை மரத்துப்போய் ஒஸ்லோவுக்கு வந்த ஸ்ரனிஸ்லாஸிடம், ஊரில் என்ன வேலை செய்தாய் என்று ஒட்வார் கேட்டார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, இயந்திரப் பகுதி என்றான் இவன். தொழிற்சாலை உண்மை, இயந்திரப் பகுதியும் உண்மை. ஆனால் அங்கே இவன் பார்த்தது சாமான் அறை வேலை. அரத்தையும் திருகுச் சாவியையும் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கிற வேலை. அரத்தை எண்ணியிருக்கிறான், பிடித்ததில்லை. வேலை கிடைத்த பிறகு அந்தப் பொய்யைத் திருத்த ஒரு நல்ல நாள் அகப்படவில்லை. மற்றவன் செய்வதைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்தே தொழில் பழகினான். எல்லோரும் கேட்டுப் படிக்கிற இடத்தில் இவன் மட்டும் கேட்கவே மாட்டான். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

குழல் அரை விரலளவு இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது. ஸ்ரனிஸ்லாஸ் அழுத்தினான், திருகினான். இம்மியும் அசையவில்லை. மேலே வாபிளின் ஏலக்காய் வாசம் வந்துவிட்டது. மனுசன் தட்டோடு இறங்கி வருகிறபோது வேலை முடியாமல் கிடந்தால் என்ன மரியாதை? வேர்க்க வேர்க்கக் குழலை இழுத்தெடுத்தான். எமரித் தாளைக் கையில் எடுத்தான். எடுத்த கை, பட்டறையில் பழகிய கை. அங்கே அச்சுத் தண்டும் வளையமும் ஒத்துவராவிட்டால் தண்டைத் தொடவே கூடாது. தண்டு விலை, வளையம் மலிவு. வளையத்தின் உட்புறத்தைத்தான் தேய்க்க வேண்டும். பத்து வருடமாகத் தினமும் செய்தது அதைத்தான். யோசிக்காமல் தாளைத் தடியில் சுற்றி, துளைக்குள் விட்டுக் கடகடவென்று தேய்த்தான். அலுமினிய உடம்பு வெண்ணெய் மாதிரிக் கரைந்தது.

குழலை மறுபடி செருகியபோது அது தானாகவே உள்ளே போனது. போனது மட்டுமல்ல, உள்ளே போய் ஆடியது. துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வட்டம் வட்டமாக இல்லை, முட்டையாக இருந்தது. அதற்குப் பிறகுதான், குழலின் முனையைத் தடவு என்று ஒட்வார் சொன்னது ஞாபகம் வந்தது. குழலை வேறு வாங்கலாம். பொலிஸில் பதிந்த இலக்கம் உடம்பில்தான் வெட்டியிருக்கிறது, அந்த உடம்பு ஒன்றுதான்.

மேலே போய், பிழை விட்டிட்டன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து அவன் இருபது நிமிடம் வேலை செய்தான். குப்பை வாளியில் கிடந்த கோலாத் தகரத்தை வெட்டி மெல்லிய கீலமாக்கினான். அதைக் குழலின் முனையில் சுற்றி, லாச்சியில் இருந்த இரும்புப் பசையைப் பூசி, உள்ளே இறுக்கி, கீழிருந்து குழலைப் பிடிக்கிற இரண்டு ஆணியையும் முறுக்கினான். வெளியே வந்த பசையைத் துடைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல, தகரமும் பசையும் உள்ளே போய்விட்டன.

ஒட்வார் இறங்கி வந்து குழலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "வார்த்த மாதிரி இருக்கு!" என்றார். அவனுடைய தோளில் கை வைத்தார். "வேறை ஒருத்தரிட்டையும் இதைக் குடுத்திருக்கமாட்டன், ஸ்ரான்." வாபிளுக்கு மேலே ஸ்ரோபெரி ஜாமை அவரே பூசிக் கொடுத்தார். அவன் மூன்று வாபிள் தின்றான்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தான். "பொய் சொன்னனான், சுவாமி" என்றான். என்ன பொய், ஆருக்கு என்று சுவாமியார் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று மங்கள வார்த்தை செபம் கிடைத்தது. முழந்தாளில் நின்று அதை முடித்து எழும்பியபோது, கடைக் கடனில் கொஞ்சம் அடைத்துவிட்டு வந்தவன் மாதிரிக் கொஞ்சம் இலேசாக இருந்தது. அந்த இலேசு ஒரு கிழமை தாங்கியது.

ஏனென்றால் மறு சனிக்கிழமை ஒட்வார் அவனைக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் நன்றாக இருந்தது. "இவன்தான் எனக்குக் குழல் போட்டவன், பெரிய தொழில்காரன்" என்று அங்கு நின்ற நாலைந்து கிழவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். ஒவ்வொரு கைகுலுக்கலுக்கும் ஸ்ரனிஸ்லாஸ் ஒரு சுற்றுக் குறுகிப்போனான். ஒட்வார் பாயில் குப்புறப் படுத்தார். முதல் ஐந்து வெடியும் ஒரு காசளவு வட்டத்துக்குள் விழுந்தன. தூரதரிசினியில் பார்த்தவர்கள் ஆகா என்றார்கள். ஸ்ரனிஸ்லாஸும் மூச்சு விட்டான். மாதாவே, தாங்கிவிட்டது.

பிறகு குழல் சூடேறியது. ஏழாவது கீழே போனது. ஒன்பதாவது வலது பக்கம். பதினைந்தாவது வெடிக்குள் துளைகள் கடதாசி முழுக்க அம்மை போட்டமாதிரிச் சிதறிக் கிடந்தன. ஒட்வார் துவக்கை மெல்லக் கிடத்திவிட்டு, பாயிலேயே எழும்பி இருந்தார். வலது கையை முகத்துக்கு முன்னே விரித்துப் பிடித்துப் பார்த்தார். அது நடுங்கியது. புரட்டிப் புறங்கையையும் பார்த்தார். "சரி, அப்ப இதுதான்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் உண்மையிலேயே கோணல். ஆடத் தெரிந்த மனுசன் தன் காலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கோணலாக்கியவன் மூன்றடி தள்ளி நின்றான்.

காரில் திரும்பி வரும்போது, துவக்கை விற்றுவிடப் போவதாக ஒட்வார் சொன்னார். கழகத்தில் ஒருவர் கேட்டிருக்கிறாராம், நாளைக்குப் பின்னேரம் வந்து பேசுவாராம். "நீ யோசியாதை, குழல் அருமையான குழல். வாங்கிறவர் குடுத்துவைச்சவர்" என்று இவனையே தேற்றினார். ஸ்ரனிஸ்லாஸ் பக்கத்துக் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்றிரவு சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தவனை மனைவி மரியகொறற்றி விடவில்லை. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். சாமான் அறைக் கதை அவளுக்கு முன்பே தெரியும், தகரக் கதைதான் புதிது.

"சுவாமியாரிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றான் அவன்.

"சுவாமியாற்றை துவக்கையே பழுதாக்கினீங்கள்?" என்றாள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள். "அந்த மனுசன் தன்ரை கை செத்துப்போச்செண்டு நினைச்சுக்கொண்டு படுத்திருக்குது. நீங்கள் என்னெண்டு நித்திரை கொள்ளப் போறியள்?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் எல்லிங்ஸ்ருட்டில் போய் இறங்கினான். நிலக்கீழ் அறை மேசையில் துவக்கு ஒரு கம்பளிப் போர்வையில் கிடந்தது. ஒட்வார் அதற்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"உங்கடை கையிலை பிழையில்லை" என்றான் ஸ்ரனிஸ்லாஸ், கதிரையில் இருக்காமலே.

ஒட்வார் சிரித்தார். "நீ நல்லவன், ஸ்ரான். எனக்கு எழுபது வயசு. ஆறுதல் வேண்டாம்."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. பொய்யை உடனே நம்பிய மனுசன், உண்மையை நம்ப மறுத்தார். வேறு வழியில்லாமல் துவக்கை இழுத்து, ஆணி இரண்டையும் கழற்றி, முழங்காலுக்கிடையில் கொடுத்துக் குழலைப் பிடித்துத் திருகினான். சூட்டில் விட்டிருந்த பசை பொருக்கென்று உடைந்தது. குழல் கையோடு வந்தது. பின்னாலேயே கோலாத் தகரம், சிவப்பு எழுத்துப் பாதி தெரிய, சுருண்டு போர்வையில் விழுந்தது. ஒட்வார் உடம்பைத் தூக்கி யன்னலோரம் பிடித்து, முட்டைத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினார். அந்த விரல் எல்லாவற்றையும் வாசித்துவிட்டது என்று ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரிந்தது.

"நான் ஊரிலை மெசின் வேலை செய்தவன் இல்லை" என்றான். இனி மிச்சம் வைக்க என்ன இருக்கிறது. "சாமான் அறையிலை துண்டு எழுதினவன். உங்களுக்குப் பொய் சொல்லித்தான் வேலைக்கு வந்தனான்."

"அது எனக்கு முதல் கிழமையே தெரியும்" என்றார் ஒட்வார், துளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அரத்தை, வீடு கூட்டுற தும்புத்தடி மாதிரிப் பிடிச்சனி. பழகுவாய் எண்டு நினைச்சன், பழகினாய். அதை ஆர் கணக்கெடுத்தது?"

ஸ்ரனிஸ்லாஸுக்குக் காது இரண்டும் எரிந்தன. பத்து வருடம் கட்டிக்காத்த மானம், அடுத்தவருக்கு முதல் கிழமையே தெரிந்திருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்திருக்கிறான்.

ஒட்வார் துவக்கின் உடம்பைப் போர்வையில் வைத்தார். பிறகு முதல் தடவையாக அவனை நேரே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நேற்று நான் பாயிலை இருந்து என்ரை கையைப் பாத்தனான். நீ பக்கத்திலை நிண்டனி. அப்பவே உனக்குத் தெரியும்."

"ஓம்" என்றான் அவன். சொன்னது தமிழில் என்பதை அவன் கவனிக்கவில்லை.

ஒட்வார் தலையை ஆட்டினார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிப்போனார். ஸ்ரனிஸ்லாஸ் குழலைக் கையில் வைத்தபடி கீழேயே நின்றான். மேலே நடக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் போய் நின்றது. துவக்கு வாங்க இருந்தவரிடம், பின்னேரம் வரவேண்டாம் என்று அவர் டெலிபோனில் சொல்வது கேட்டது. படிகளின் உச்சியில் கதவு மூடப்படாமல் இருந்தது. அதற்குள்ளால் விழுந்த வெயில் நாலாவது படி வரைக்கும் இறங்கி, அங்கே நின்றது.