ஏழாம் நம்பர் லோடரின் டயர்கள்

காலையில் ஏழாம் நம்பர் லோடரின் எஞ்சின் மூடியைத் திறந்தபோதே அமலாவுக்கு மனசு சரியில்லை. ஆயில் ஹோஸ் ஒன்று உரசித் தேய்ந்து, வண்டி ஓடினால் நெருப்பாய்க் கொதிக்கும் டர்போவின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண்ணை அள்ளும் கான்ட்ராக்டரிடம் வண்டிகளைச் சோதிப்பது அவள் வேலை. நிறுத்தச் சொன்னாள். சூப்பர்வைசர் ரவிகுமார், “மத்தியானம் மாத்திக்கலாம், இப்ப ஓடட்டும்” என்றார். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு லோடரின் பின்பக்கம் குப்பென்று பற்றியது.

டிரைவர் ராஜப்பா குதித்துத் தப்பினார். முழங்கை மட்டும் சிராய்த்தது. தண்ணீர் லாரி வந்து பீய்ச்சியதில் அரை மணி நேரத்தில் தீ அடங்கியது. ஆட்கள் போனை எடுத்துக்கொண்டு படம் பிடிக்க நெருங்கினார்கள்.

“யாரும் கிட்ட போகாதீங்க!” அமலா கத்தினாள். “லாரியையும் பின்னால எடுங்க!”

“அதான் அணைஞ்சிபோச்சே, இன்னும் இன்னா?” என்றார் ரவிகுமார்.

“டயர் சூடேறிக் கீது சார். உள்ள ரப்பர் வெந்து கேஸ் சேந்துனே இருக்கும். எப்ப வேணா வெடிக்கும். முந்நூறு மீட்டர் தள்ளி நிக்கணும், நாளைக்கு வரைக்கும்.”

“நாளைக்கா? வழிய அடைச்சினு நிக்குது. டிராக்டர்ல செயின் போட்டு இழுத்துடலாம்.”

அமலா போய் டிராக்டர் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ரவிகுமாரின் முகம் சிவந்தது. “வேலை வேணுமா, வேணாமா?”

அதற்குள் ராஜப்பா லோடரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். “சுகர் மாத்திரை கேபின்ல கீதும்மா. ஒரே நிமிசம்.”

ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். “அண்ணா, காலைல நான் வாய மூடிக்கினேன். நீங்க உசுரோட வந்தது என்னால இல்ல. இப்ப விட மாட்டேன்.”

ராஜப்பா லோடரை ஒருமுறை பார்த்தார். திரும்பி வந்தார்.

எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள். ஆள் உயரத்துக்கு நான்கு டயர்கள். ஒன்றிலிருந்து மட்டும் நூல் போலப் புகை. காற்று சாம்பல் நிற மண்ணை வாரி இறைத்தது. ஒரு மணி நேரம் போனது, இரண்டு மணி நேரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. யாரோ சிரித்தார்கள். ரவிகுமார் பங்காருபேட்டையிலிருந்து கிரேன் வரவழைக்கப் போன் போட்டார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது.

சத்தம் நெஞ்சில் வந்து அறைந்தது. டயரின் இரும்பு வளையம் பறந்து, தீயை அணைத்தபோது தண்ணீர் லாரி நின்ற இடத்தைத் தாண்டி மண்மேட்டைப் பிளந்துகொண்டு புதைந்தது. ராஜப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரவிகுமாரின் போனுக்குள் யாரோ “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“இன்னும் மூணு கீது” என்றாள் அமலா.

அன்று ஷிப்ட் முடிந்தவர்களை ரவிகுமாரே பேத்தமங்களா ரோட்டு வழியாகச் சுற்றி அனுப்பினார். ஐந்தரை மணிக்கு இரண்டாவது டயர் வெடித்தபோது லோடர் பக்கம் ஒருவரும் இல்லை.