சங்கரபாண்டி கணக்குப் போட்ட சுவர்

1

இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியமே இல்லை. இலஞ்சியில் எங்கள் தெரு முழுக்க வாயாலேயே சொல்லித் தேய்த்துவிட்டேன். ஆனால் ஓரிடம் வரும்போது மட்டும் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. எழுதினால் வராதே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வரியை இப்படி வைத்திருந்தேன்: "1941, ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்த அன்று, கணித மேதை சங்கரபாண்டியின் வாழ்க்கையை டாக்கிப் படமாக எடுக்கப் பட்டணத்திலிருந்து ஒரு கார்..." அடித்துவிட்டேன். [மேதை என்று அவர் இருந்தபோது யார் சொன்னது? "சுவத்தோட பேசுத மனுசன்" என்றுதான் சொன்னோம்.]

2

சங்கரபாண்டி தாள் வாங்க மறந்துபோகிற ஆள். கரித்துண்டை எடுத்து வீட்டு உள்சுவரில் கணக்குப் போடுவார். சீமையிலிருந்து பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அதற்கு முந்தின வாரமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பன்னிரண்டு வருஷமாக அவர் மனைவி உலகம்மாள் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். பிள்ளையில்லை. பொங்கலுக்குப் பொங்கல் மூன்று சுவருக்கு வெள்ளையடிப்பாள், நாலாவதைத் தொடமாட்டாள். கஞ்சத்தனம் என்று தெருவில் ஒரு பேச்சு.*

* கிளப்பியது நான்.

3

படக் கம்பெனியிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்து உலகம்மாளிடம் வாசலிலேயே நின்று பேசினார்.

"உங்க வேஷத்துக்குப் பாடத் தெரிஞ்ச பொண்ணா போட்டிருக்கோம்மா. அருவியிலே ரெண்டு பாட்டு."

"நான் என்னைக்கு அருவியிலே பாடுனேன்? எவளையும் போட்டுக்கிடுங்க. உள்ள அவுக கணக்குப் போட்ட சுவரு இருக்கு, அதை மட்டும் படம் புடிச்சிருங்க. வருசத்துக்கு வருசம் பெயருது. எனக்குப் பெறவு யாரு வச்சிருப்பா?"

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

[சுவரைப் பற்றிய இந்தப் பேச்சு எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. அப்போதே தெரிந்திருந்தால்...]

4

வியாழக்கிழமை உலகம்மாள் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குக் குத்துக்கல்வலசை போனாள். கோழிக்குத் தீனி போடச் சொல்லிச் சாவியை எதிர்வீட்டுப் பேராச்சியிடம் கொடுத்தாள். பேராச்சிக்கு இரக்கமும் அதிகம், வாயும் அதிகம்.

"ஏட்டி மாரித்தாயி, நாளைக்கு சினிமாக்காரன் வாரான். கரிப்புடிச்ச சுவத்தப் பாத்தா நம்ம தெருவப் பத்தி என்ன நெனைப்பான்?"

"அவ அடிக்க மாட்டேங்காளே."

"ஒத்தையிலே கெடக்கா, பாவம். நாமளே அடிச்சிருவோம். வந்து பாத்தா சந்தோசப்படுவா."

பக்கத்து வீட்டு மாரித்தாய் கிணற்றடியில் சுண்ணாம்பு கரைத்து நீலம் கலந்தாள். பேராச்சி உள்ளே வெள்ளையடிக்கிற மட்டையும் கையுமாக நின்றாள். சுவர் முழுக்க எண்கள், எறும்பு மொய்த்தமாதிரி. கீழே ஓரிடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்துக்குத் தலை இருந்தது, தோள் இருந்தது, சாய்ந்த முதுகு இருந்தது. உலகம்மாள் தினமும் காய் நறுக்க உட்கார்ந்த இடம். மனுஷன் அவளை எழுந்திரு என்று சொல்லாமல் சுற்றிச்சுற்றி எழுதியிருக்கிறார்.

பேராச்சி கொஞ்சநேரம் பார்த்தாள். "மத்ததுக்கு மூணு பூச்சு வேணும். இங்கன கரியில்லே, ஒண்ணு போதும்" என்றாள்.

5

பேராச்சி என்று ஒருத்தி இல்லை. சாவி என்னிடம்தான் இருந்தது. மட்டையும்.

6

முடிவு ஒன்று: உலகம்மாள் வெள்ளைச் சுவரில் சாய்ந்து உட்காருகிறாள். கணக்கு வாத்தியார் ஒருவர் அவளைச் சுற்றி எழுதுகிறார். கேமரா ஓடுகிறது. [அழகாக இருக்கிறது. நடக்கவில்லை.]

முடிவு இரண்டு: மிச்சச் சுண்ணாம்பை என் தலையில் கொட்டுகிறாள். [இதை நாலு தடவை எழுதிப் பார்த்தேன். எழுதும்போது மனசுக்கு இதமாக இருந்தது.]

நடந்தது இவ்வளவுதான். வந்தாள், நிலைப்படியில் நின்று பார்த்தாள். கண்ணாடிக்காரர், "கவலைப்படாதீங்கம்மா, நம்ம ஆள் எழுதிருவாரு. வெள்ளையிலே கரி எடுப்பாத் தெரியும்" என்றார். அந்த ஆளும் மூலைமுடுக்கு விடாமல் எழுதினார். உலகம்மாள் என் பக்கம் திரும்பி, "கை வலிச்சிருக்கும் மதினி, காப்பி போடுதேன்" என்றாள்.

படம் தென்காசிக் கொட்டகையில் இருபது நாள் ஓடியது. சுவர் வந்ததும் கைதட்டினார்கள். உலகம்மாள் பார்க்கப் போகவில்லை. இப்போதெல்லாம் அறை நடுவில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள், எதிலும் சாயாமல். என் ஜன்னலிலிருந்து தெரிகிறது.

7

மன்னிப்புக் கேட்டால் கதை முடிந்துவிடும் என்பீர்கள். தெரியாமல் அடித்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன் என்று எப்படிச் சொல்ல? சொல்லாவிட்டால், அங்கே அப்படி ஓர் இடம் இருந்தது என்பதற்கு அவளைத் தவிர வேறு சாட்சியில்லை. சொன்னால் நானும் ஒருத்தி.

அவள் வாசல் திறந்திருக்கிறது. தெருவுக்குக் குறுக்கே பத்தடி. என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்களோ, அதைக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.