சனி, ஞாயிறு மாத்திரை

அக்காவுக்குக் கோபம் முற்றினால் குரல் தணிந்துவிடும். விடுதிச் சமையலறையில் நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிறவளுக்குச் சத்தம் போட்டு ஒன்றும் வேகாது என்று தெரியும்.

வார்டுக்குள் வந்தவள், தம்பியின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விலாவுக்குக் கீழே பழைய தழும்பு சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வழியாகத்தான் அவளுடைய சிறுநீரகம் ஒன்று தம்பிக்குப் போயிருந்தது. அதிலிருந்து அவள் அண்டா தூக்குவதில்லை.

"கிட்னியை உடம்பு தள்ளிடாம இருக்கப் போடுற மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சான்னு டாக்டர் கேட்டாரு. என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லைன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிட்டு வந்தேன்டா."

தம்பி ஜன்னலைப் பார்த்தான்.

அவள் மடியிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துப் போர்வைமேல் கவிழ்த்தாள். மாத்திரைகள் உருண்டன. "உன் பொண்டாட்டி கடையைப் பெருக்கும்போது கிடைச்சுதாம். இது என்ன, முகத்துக்குப் பூசுறதா?"

அவன் வலது கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் தந்தியடித்தன.

"அதைப் போட்டா இப்படித்தான் ஆடுது. சனி, ஞாயிறுலதான் சலூன்ல கூட்டம். ஒருத்தன் கண்ணை மூடிக் கழுத்தைக் குடுத்துட்டு உக்காந்திருக்கான், என் கையில சவரக்கத்தி. நான் என்னக்கா பண்ண? வெள்ளிக்கிழமையோட நிறுத்திடுவேன். திங்கள்லேர்ந்து ஒழுங்காப் போட்டுடுவேன்."

"வியாழக்கிழமை டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கும்போது எல்லாம் சரியா இருக்கும். நல்ல கெட்டிக்காரன்."

"ஊரான் கழுத்துக்கா அது."

"அவன் கழுத்துக்குப் பயந்தே, சரி. உனக்குள்ள கிடக்கிறது யாரோடதுடா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?"

டாக்டர் வந்தார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை; மாத்திரைகளைக் காட்டினாள், தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கியும் காட்டினாள்.

"இதுக்கு வழி இருக்கும்மா," என்றார் அவர். "அளவை மாத்தலாம், வேற மாத்திரை குடுத்துப் பாக்கலாம். முன்னாடியே சொல்லியிருந்தா..."

"அவன் சொல்லல, ஒத்துக்கறேன். மாசம் ஒருதரம் இங்க வந்து நின்னானே, கை ஆடுதான்னு யாராவது கேட்டீங்களா? இதே கையிலதானே ரத்தம் எடுத்தீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரத்தத்துல அளவு சரியா இருந்துது. கேக்கத் தோணல. கேட்டிருக்கணும்."

மூன்று நாள் ஊசி மருந்து ஏறியது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு, ஒன்றரையிலிருந்து நாலுக்கு ஏறிப்போயிருந்தது, மெல்ல இறங்கி இரண்டரையில் வந்து நின்றது. அதற்கு மேல் இறங்கவில்லை. சிறுநீரகம் பிழைத்துக்கொண்டது, ஆனால் கெட்டுப்போன பங்கு கெட்டதுதான், எத்தனை வருஷம் தாங்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கொடுத்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்ஸ் புது மாத்திரையை வைத்துவிட்டுப் போனாள். தம்பி டம்ளரை எடுத்தான். தண்ணீர் தளும்பிச் சட்டையில் கொட்டியது. பிடித்துக்கொள்ள அக்கா கை நீட்டவில்லை.

"இன்னும் கோபமாக்கா?"

"ஆமா. வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

தூக்கினான். மாத்திரை உள்ளே போயிருந்தது.

"ராத்திரி எட்டுக்கும் வருவேன்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கக் கிளம்பினாள்.