பத்துக்குப் பத்து

இடது காலில் சாக்ஸ் ஏறவில்லை. மகள் அப்பாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாதி ஏறிய சாக்ஸைத் திரும்பக் கழற்றினாள்.

"அம்மா, இங்க வாயேன். இது என்னது?"

குதிகாலின் தடித்த தோலுக்குள் ஒரு திருகாணி. மூக்குக்கண்ணாடியில் முடுக்குகிற, அரிசியில் பாதிகூட வராத திருகாணி. சுற்றிலும் தோல் காய்ந்து இறுகி, அது அங்கேயே முளைத்தது போல இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். அந்தத் தெருவில் அவளுக்கு முன்னால் யாரும் எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஐயோ, எத்தனை நாளா இருக்குதோ! இதோடயேவா நடந்திருக்காரு மனுஷன்?"

அம்மா, தெருவுக்கெல்லாம் டீச்சர், குனிந்து பார்த்தாள். நேற்று சாயங்காலம் அதே குதிகாலை அவள் தொட்டிருந்தாள். அவரும் "ம்" என்றிருந்தார்.

"எடுத்துடவாம்மா?"

"எடு. வலிக்காது."

அந்த "ம்" தெருவுக்கே தெரிந்த "ம்". டீச்சரின் கணவரான கண்ணாடிக்கடைக்காரருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். அது நீளமான நரம்புகளைத்தான் முதலில் தின்னும், பாதத்தில்தான் ஆரம்பிக்கும் என்று சொன்ன டாக்டர், ஒரு நைலான் இழையையும் கொடுத்தனுப்பினார். கணவர் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். டீச்சர் பாதத்தில் பத்து இடங்களில் இழையால் தொட வேண்டும். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். தெரியாமல் போனால் ஸ்கூட்டரை விட வேண்டும். ஸ்கூட்டரை விட்டால் ஊரின் மறுகோடியில் இருந்த கடையையும் விட வேண்டும்.

இந்த மாதிரி வேலையை டீச்சரிடம் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து, பரீட்சை ஹாலில் கழுகு மாதிரி சுற்றி வந்தவள். சட்டைக் கையில் துண்டுச்சீட்டு வைத்தவன், அடிஸ்கேலில் சூத்திரம் எழுதி வந்தவள், இருமலிலேயே விடை சொன்னவன் என்று ஒருத்தரையும் தப்பவிட்டதில்லை. ஓய்வு பெற்றபின் அவளுக்கு மிஞ்சிய ஒரே மாணவர் கணவர்தான். தினமும் ஆறரைக்குப் பரீட்சை. உடனே நோட்டில் மார்க். பதினோரு வருஷமும் பத்துக்குப் பத்து.

மற்றபடி அந்த வீட்டில் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சண்டையும் கிடையாது, இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? சில நாள் மட்டும் பரீட்சை முடிந்த கையோடு அவரே எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவருவார். எந்த நாள், எதற்காக என்று கணக்கு டீச்சருக்கே கணக்குப் பிடிபட்டதில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கதவோரம் இருந்த பெரிய அலமாரியை ஆள் வைத்து நகர்த்தி, படுக்கையறை ஜன்னலில் பாதியை மறைத்து நிறுத்தினார் கண்ணாடிக்கடைக்காரர். ஆளுயர நிலைக்கண்ணாடி பதித்த அலமாரி. சுவரில் ஓதம் என்றார்கள் சிலர். பின்னால் பெட்டகம் என்றார்கள் சிலர். அதுவரை மாடிப்படியில் நின்றாலே அந்த அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, இது தனக்காகத்தான் என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தாள். அதற்கப்புறம் அவளுக்கும் காதில் விழுகிற "ம்" மட்டும்தான் மிச்சம்.

இன்று காலை ஷூவுக்கு நாடா கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இருக்கவில்லை.

"வலிச்சிருக்காதும்மா" என்றார் டாக்டர். "இதயம் ரெண்டு மூணு நாளாவே அடி வாங்கிட்டிருந்திருக்கு. சேதி கொண்டு போற நரம்பு செத்துட்டா, நெஞ்சு கத்தினாலும் மூளைக்குக் கேக்காது. கால்ல உணர்ச்சி எப்படி இருந்துச்சு?"

"பத்துக்குப் பத்து."

டாக்டர் அவளையே பார்த்தார். "நீங்க கொண்டு வர்ற நோட்ட நம்பி நானும் தனியா சோதிக்கல. நெஞ்சு வரைக்கும் போயிருக்குன்னா கால்ல எப்பவோ..." பேனாவை மூடினார்.

இப்போது கூடத்தில் வருகிறவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள். கொடுத்து வைத்தவர், வலியே தெரியாமல் போய்விட்டார்.

தெரியாமல் போனது வலி மட்டும்தானா? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அது தவிர அவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்வது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. எந்த வருஷத்திலிருந்து அவள், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, அந்தக் காலைத் தொட்டுக்கொண்டிருந்தாள்? தட்டியபோதெல்லாம் உள்ளேயிருந்து "ம்" வந்ததே, அது எப்படி?

"டீச்சர், கண்ணாடிய மாட்டி விடுங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "மூக்கு வெறிச்சோன்னு இருக்குது. வேற யாரையோ கொண்டாந்து படுக்க வச்ச மாதிரி."

"கண்ண மூடிட்டு இருக்கறவருக்கு எதுக்கு ஆன்ட்டி கண்ணாடி?" என்றாள் மகள்.

டீச்சர் நிமிர்ந்தாள்.

அதையே அவளும் ஒருநாள் கேட்டிருக்கிறாள். பரீட்சைக்குப் படுக்கும்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல், வெளிச்சம் கூசுகிறது என்று முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொள்வார். "கண்ண மூடிக்கிட்டு எதுக்குங்க கண்ணாடி?" என்று கேட்டதற்கு, "அது இல்லேன்னா எனக்குக் காது சரியாக் கேக்காதே" என்றார். அந்த வருஷம் முழுவதற்கும் அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு. அதனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மாட்டி விடு" என்றாள் மகளிடம்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு முன் யாரோ கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. பக்கத்து வீட்டுக்காரி மூன்று தடவை விடைபெற்று மூன்று தடவை திரும்பி வந்து, கடைசியில் நிஜமாகவே போனாள்.

ஆறரை. டீச்சர் படுக்கையறைக்குப் போனாள். கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல், அதன்மேல் நோட்டு, நோட்டுக்குள் நைலான் இழை. பழக்கத்தில் ஸ்டூல்வரை போனவள், நின்று, சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தாள். அவர் படுக்கும் பக்கம் படுத்தாள். தலையணையின் பள்ளத்தில் தலையை வைத்து, முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பினாள்.

நிலைக்கண்ணாடியில் ஸ்டூல் தெரிந்தது. ஓரமாக அல்ல, நட்டநடுவில். நாலு காலோடு, மேலே நோட்டோடு. அதில் ஒருத்தி உட்கார்ந்தால் குனிந்த தலை, வகிடு, இழையைப் பிடித்த கை எல்லாம் தெரியும். கண்ணை மூடியிருக்கிறார் என்ற தைரியத்தில் அவள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்ட சாயங்காலங்கள் உண்டு. தங்கை இறந்த வருஷம் நிறைய. மகள் வேலை கிடைத்துக் கிளம்பிப் போன மாதம் தினமும். அந்த மாதம் டீயும் தினமும்.

முப்பத்திரண்டு வருஷ அனுபவம். ஒரு கண்ணாடியைப் பார்த்து எழுதியிருக்கிறார், அவளுக்குத் தெரியவில்லை.

கட்டிலில் அவளுடைய பாதங்கள் நீண்டிருந்தன. ஸ்டூல் காலியாக இருந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. மகளின் குரல் வந்தது.

"அம்மா, டீ போட்டுத் தரட்டுமா?"

அந்த அறையிலிருந்து பதில் போயிற்று.

"ம்."